சிப்பியின் சாயம்

அட்டன், 1961

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பேச்சியம்மா வணங்கி எழுதுவது. நான் சுகம். தேயிலைக் கொழுந்து பறிக்கையில் அம்மாவின் காலில் அட்டை கடித்த புண் ஆறிவிட்டதா?

இங்கே ஒரு சின்னச் சங்கதி. முதலாளி வீட்டுக் கூடத்தில் தொட்டி மாதிரிப் பெரிய கடற்சிப்பி ஓடு இருக்கிறது. நான்தான் கழுவுவேன். அதே மாதிரிச் சிப்பி கடலுக்குள் நீலமும் பச்சையுமாக மின்னும் படத்தை நேற்று முதலாளியம்மா புத்தகத்தில் பார்த்துவிட்டு, "அடியே, சோடா போட்டுத் தேச்சுச் சாயத்தையெல்லாம் போக்கிட்டியே!" என்றார்கள்.

"அது ஓட்டு நிறம் இல்லீங்கம்மா, உள்ள இருந்த சதையோட நிறம். சதைக்குள்ள பாசி இருந்து, வெயில்ல அதுக்குச் சாப்பாடு செஞ்சு குடுக்குமாம். செத்தா நிறமும் போயிரும்னு டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

"தோட்டத்து லயத்துல பொறந்த கழுதைக்குப் படிக்கப் போயி வாய் நீண்டிருச்சு. வீட்டு வேலை மட்டும் பாரு, இனிப் பள்ளிக்கூடம் கிடையாது!" என்று புத்தகங்களைப் பூட்டிவிட்டார்கள்.

பழைய கம்பளி ஒன்று கொடுத்தனுப்புங்கள். சமையல்கட்டுத் தரை குளிர்கிறது.

யாரோ எழுந்துவிட்டார்கள், விளக்கை அணைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்காக நீங்கள் வந்து கேட்க வேண்டாம் அப்பா. வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, "புள்ள தெரியாமச் சாயத்தைப் போக்கிருச்சுங்க" என்று மன்னிப்புக் கேட்பீர்கள்.

பேச்சியம்மா