அடுக்கிப் பிடித்த சீட்டு

இம்மடலில் எழுத எண்ணியவை:
1. நீங்கள் எனக்குப் போக்கர் கற்றுத்தந்தது.
2. நீங்கள் செய்த துரோகம்.
3. அந்த மேசையில் இனி நான் உட்காரப்போவதில்லை என்பது.

இன்று காலை வீட்டில் புளி தட்டினார்கள். முறத்தில் கொட்டை குவிந்ததும் அந்தப் புளிப்பு வாசனையில் உங்கள் நினைவு வந்துவிட்டது. காரிமங்கலத்தில் டெய்லர் பாய் கடையின் பின்னறையில் நாம் மூவரும் பணயம் வைத்ததெல்லாம் புளியங்கொட்டைதானே.

எனக்கு ரம்மி மட்டுமே தெரியும். பெங்களூரில் வேலை பார்த்தபோது பழகிய ஆட்டத்தை, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஜோடியை ஒரே எண்ணில் மூன்று வெல்லும். அதை வரிசை வெல்லும். வரிசையை ஒரே இனத்தில் ஐந்து வெல்லும். நான் தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

"பரீட்சையா சார் இது? சீட்டு வரலைன்னாலும் வந்த மாதிரி உக்காரணுங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தீர்கள்.

நாலு பேர் நடுவே வாய் திறக்கத் தயங்குகிற நான் ஞாயிறுதோறும் அங்கே வந்தது உங்களை நம்பித்தான். நல்ல சீட்டோடு பணயத்தை ஏற்றினால் நீங்களும் பாயும் உடனே விலகிவிடுவீர்கள். ஒன்றுமில்லாமல் ஏற்றினால் இருவரும் அசையமாட்டீர்கள். என் ராசி அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் காரியத்தன்று பந்தியில் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்பவாச்சும் சொல்லிடறேன் சார். நல்ல சீட்டு வந்தா ரம்மி மாதிரி அடுக்கிக்குவீங்க. வரலைன்னா வந்தபடியே புடிச்சிருப்பீங்க. மொத வாரமே அவரு எங்கிட்ட சொல்லிட்டாருங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஆட்டத்துல சுவாரசியம் போயிடும்னாருங்க."

தோற்றது பெரிதல்ல. நீங்களும் நானும் ஒரு பக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். நீங்களும் பாயும் ஒரு பக்கமாக இருந்திருக்கிறீர்கள், நான் உங்களுக்கு வேடிக்கை. இப்படி நினைப்பது என் மிகையோ என்றும் தோன்றுகிறது. கேட்க நீங்கள் இல்லை.

இதுவரை காலையில் எழுதியது. மதியம் பாய் போன் செய்தார். உங்கள் இடத்துக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார், வாருங்கள் என்றார். மறுக்க நினைத்துக்கொண்டே சட்டையை மாட்டினேன். மூன்றாம் ஆட்டத்தில் ஐந்தும் ஒரே இனமாக வந்தன. விரல்கள் அடுக்கத் துடித்தன. அடுக்காமல் பணயத்தை ஏற்றினேன். பாய் என் கையைப் பார்த்தார். தன்னிடமிருந்த கொட்டை முழுவதையும் தள்ளினார். நான் சீட்டை விரித்தேன். கொட்டை முழுவதும் என் பக்கம் வந்தது.

மேலே எழுதிய பட்டியலில் இரண்டாவதை அடிக்கமாட்டேன். நீங்கள் செய்தது துரோகம்தான். மூன்றாவது மட்டும் தவறு.