ஷீமா எந்த வகுப்பு?

அன்புள்ள நாதிரா,

நீயும் மகள் ஷீமாவும் சுகமா? இங்கே ஓமானில், சலாலாவில் என் உடம்புக்குக் குறையில்லை. மானம்தான் நேற்று போய்விட்டது.

பள்ளியில் பெற்றோர் கூட்டம். முஸல்லம் என்ற மீனவரின் மகன் கணக்கில் தேறவில்லை. "பையன் எந்த வகுப்புன்னாவது தெரியுமாய்யா?" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

"ஏழு, பி பிரிவு. ஜன்னலோரம் ரெண்டாவது பெஞ்சு. உங்க பொண்ணு எந்த வகுப்பு, வாத்தியாரே?"

"நாலு" என்றேன் கம்பீரமாக.

அறைக்கு வந்து விரல்விட்டு எண்ணினால், ஆறு. நான் நம் ஊர் தமன்ஹூரை விட்டுக் கிளம்பியபோதுதான் அவள் நாலு. போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் "ஏழெட்டு எவ்வளவும்மா?" என்று கேட்டேன். "ஏழெட்டா?" என்று இழுத்துவிட்டு, "அம்பத்தாறு, பாபா" என்றாள். வாய்ப்பாடு மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆறாம் வகுப்புக் குழந்தை என் மனம் நோகாமல் பதில் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய காலளவை எழுது. இந்த வருஷ டீச்சரின் பெயரையும் எழுது. கொஞ்சம் உலர்ந்த முலுகியாக் கீரை கொடுத்தனுப்பு. என் சமையலை நான் தண்டனையாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் ஹம்தி

பி.கு.: இன்று பதிவேட்டைப் பார்த்தேன். முஸல்லத்தின் மகன் எட்டாம் வகுப்பு. அவனுக்குக் கணக்கு எடுப்பது நான்தான்.