பொறுமையைப் பற்றிய பக்கம் மட்டும் பிறகு

கர்த்தருக்குள் பிரியமான என் மனைவிக்கு,

அவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே.

நீ பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. தினமும் விடியலில் இருவரும் ஒரே பக்கத்தைப் படிக்கலாம் என்று ஆளுக்கொரு தியானப் புத்தகம் வைத்திருக்கிறோமே, அதில் இன்றிலிருந்து அடுத்த மாதக் கடைசி வரையுள்ள பக்கங்களை என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் நேற்று கிழித்து, மின்விசிறியின் பிசுக்கைத் துடைத்துவிட்டான்.

கேட்டால், "ஐயா, படிச்ச பக்கத்துல எல்லாம் கோடு போட்டு வச்சிருக்கீங்க, அதுல கை வைப்பேனா? இன்னும் தேதி வராததைத்தான் கிழிச்சேன்" என்கிறான். கிழித்ததுமல்லாமல் மரியாதை வேறு!

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "பரவாயில்லப்பா" என்று வந்தது.

இன்று காலையும் கிடங்கில் என் மேசைமுன் கண்களை மூடினேன். ஆண்டவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முழு நேரமும் அவனையே திட்டினேன். இது பாவமா என்று எனக்குத் தெளிவில்லை. நான் படிக்கும் அதே நேரத்தில் அங்கே வீட்டில் நீயும் அதே வரிகளைப் படிக்கிறாய் என்ற நினைப்பில்தான் என் நாள் தொடங்கும். விசிறி துடைக்க அதுதானா கிடைத்தது அவனுக்கு?

அவன் கிழித்த பக்கங்களை உன் புத்தகத்தைப் பார்த்து எழுத எழுத அனுப்பு. நகல் எடுக்காதே, உன் கையாலேயே எழுது. மூக்குக்கண்ணாடி துடைக்க உன் பழைய சேலைத்துண்டு ஒன்றும் வை. சரக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

இன்றைய பக்கம் பொறுமையைப் பற்றியது என்றால், அதை மட்டும் கடைசியில் அனுப்பு.

உன் கணவன்