சங்கு ஊதியும் நிற்காத செல்லோ

அன்பு அண்ணா,

அங்கேயும் உனக்கு ஷிப்ட் உண்டா? இங்கே உன்னை வைத்து ஒரு சண்டை நடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் டவுன்ஷிப் சர்ச்சின் ஆண்டுவிழாவுக்கு வெளியிட, அங்கேயே நாலு பேரும் வாசித்துப் பதிவு செய்தோமே, அதைப் பற்றித்தான். இரண்டு வயலின், ஒரு வயோலா, அடியில் கனமாக ஒலிக்கும் உன் செல்லோ. நீ தந்தியிலிருந்து வில்லை எடுத்த பிறகும் அந்த உயரமான கூரைக்குக் கீழே உன் நாதம் கொஞ்ச நேரம் நின்றது. மெதுவான பகுதியில் ஆலையின் ஷிப்ட் சங்கு ஊதியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். "எந்த சங்கு?" என்று கேட்டாய் நீ. நம் யார் காதிலும் அது விழவில்லை. பிறந்ததிலிருந்து ஊதுகிற சங்கு யாருக்குக் கேட்கும்?

"வுடுங்க சார், அடுத்த ஞாயித்துக்கிழம இன்னொரு தடவ வாசிச்சிடலாம்" என்றாய். சனிக்கிழமையே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சங்கை மட்டும் தனியாக அழிக்க முடியாதாம். அழித்தால் உன் செல்லோவும் மெலிந்துபோகிறது. செல்லோவுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து மறுபடி வாசிப்போம் என்றார் வயோலா ஜெயசீலன். சங்கோடு அப்படியே விடுவோம் என்றேன் நான்.

"கேக்குறவங்களுக்கு சங்குதாம்மா தெரியும். வாசிச்சது யாருன்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

ஜெயசீலன் இப்படிக் கேட்டதும் நானும் ஒத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு வாசித்தோம். ஷிப்ட் மாறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். சுருதி சேர்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. அதே மெதுவான பகுதியில் சங்கு ஊத, புதியவர் திடுக்கிட்டு வில்லை எடுத்துவிட்டார். நானும் ஜெயசீலனும் இரண்டாம் வயலின் ஷீலாவும் ஒன்றும் தெரியாமல் வாசித்துக்கொண்டே போனோம், அண்ணா. அப்புறம்தான் அடியில் செல்லோ இல்லை என்று காதில் பட்டது. முதலில் ஷீலாவின் கை நின்றது. பிறகு என் கை.

நீ இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. கல்லறையில்கூட நான் அப்படி அழவில்லை.

ஜெயசீலன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரிம்மா, யோசிப்போம்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது தடவையும் வாசிப்போம் என்று நாளைக்கே வந்து நின்றாலும் நிற்பார். ஷீலா என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

யார் என்ன சொன்னாலும் சரி. வெளியே போனால் அந்த முதல் பதிவுதான், சங்கோடு, நீ நிற்காமல் வாசித்தபடியே போகும். இல்லையென்றால் என் வயலினும் அதில் இருக்காது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

எப்போதும் உன் எதிர் நாற்காலியில்,
உன் தங்கச்சி எஸ்தர்