வசனம் இல்லாமல் வா

மார்ச் 4

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஆற்று வெள்ளம் இரும்புப் பாலத்தை இழுத்துக்கொண்டு போனதே, சந்தையும் தீப்பிடித்ததே, அதே வருஷம்தான் தம்பியின் ஒரே மகள் காய்ச்சலில் போனாள். ஏழு வயது. பெட்டியை மூடும்போது அப்போதிருந்த பாதிரியார் "தேவனுடைய சித்தம்" என்றார். தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இனிமே எவனும் என் வீட்டுக்கு வேத வசனத்தோட வரக்கூடாது." அதற்குப் பிறகு ஐம்பது வருஷமாக அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது படுக்கையில். டாக்டர் கைவிரித்துவிட்டார். பெண்டாட்டியும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்று போனேன். படுத்தபடியே கேட்டான்:

"வசனம் கொண்டாந்தியா அண்ணே?"

"கத்திதான்டா கொண்டாந்தேன். மூஞ்சியப் பாரு, கரடி மாதிரி."

ஆயுசு முழுக்க முடிவெட்டும் கடை வைத்திருந்தவன் நான். வேறு என்ன தெரியும்?

மார்ச் 5

படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 11

முதுகில் புண். வெந்நீரில் துடைத்தேன். "வாயே திறக்காத முடிவெட்டுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றான்.

என்னத்தைப் பேச? நாக்கு நுனியில் சங்கீத வசனம் நிற்கிறது. காதால் கேட்டே மனப்பாடம் ஆனது. விழுங்கினேன். இப்படியே வாயை மூடிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டால்? நாளைக்கு ஆண்டவர் கேட்டால் என்ன சொல்வேன் — சவரம் பண்ணினேன் என்றா?

மார்ச் 16

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் வழிமறித்தார். "கூடப்பிறந்தவர் ஆத்துமா முக்கியமில்லையா பெரியவரே? சாயங்காலம் நாங்க பாட வர்றோம்."

வந்தார்கள். வாசலிலேயே நிறுத்திவிட்டேன். "வேண்டாம்யா. அவன் தாங்கமாட்டான்."

"நீங்கல்லாம் ஒரு விசுவாசியா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

மார்ச் 17

பால் இரண்டு வாய். அவ்வளவுதான்.

மார்ச் 20

தாடையில் கத்தி வைத்திருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மனசுக்குள்ள ஜெபம் பண்றதானே?"

பொய் சொல்ல முடியுமா? "ஆமாடா."

"உதடு அசையுது. கத்தியும் சேந்து அசையுது. காத அறுத்துடாத."

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்கு இருமல் வந்துவிட்டது. சவரத்தைப் பாதியில் நிறுத்தி நெஞ்சைத் தடவிவிட்டேன். மூச்சு அடங்கின பிறகு சொன்னான்:

"பண்ணிக்கோ. சத்தம் மட்டும் வேணாம்."

மார்ச் 22

காலையில் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மீதிக் கன்னத்தையும் சவரம் செய்து முடித்தேன்.

செயலாளர் வந்தார். "கடைசியில மனந்திரும்பினாரா?"

தெரியாது ஐயா என்றேன். தெரியாது.

மார்ச் 23

பாதிரியாரிடம் கெஞ்சிக் கேட்டேன். குழியருகே ஒரு வார்த்தையும் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். எல்லோரும் நின்றார்கள். செயலாளர்தான் முதல் பிடி மண் போட்டார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

மகள் பக்கத்திலேயே வைத்தோம். அந்தப் பிள்ளையை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

"எப்படி இருப்பா மாமா?" என்கிறாள் மருமகள்.

முன்பல் இரண்டு விழுந்திருந்தது. சீப்பைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடிவிடுவாள். இடது புருவத்தில் சின்னத் தழும்பு. எழுதிக்கொள்ளம்மா. அவள் முகம் தெரிந்தவர்களில் இனி உயிரோடு இருப்பது நான் ஒருத்தன்தான்.