பூவரச இலையில் வைத்துக் கொடுத்த ஈரல்

ஆம்பூர்
பிப்ரவரி 2006

அக்சா கண்ணு, எப்படிம்மா இருக்கே, வயித்துல புள்ள நல்லா அசையுதா, மாப்ள சௌக்கியமா? எப்பவும் இங்க எல்லாரும் கர்த்தர் கிருபையில சுகம்னு தான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவ அப்படிச் சொல்ல வாய் வரல. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி ஆக்னஸ் எழுதுறா. நம்ம தெரு மூர்த்தி லீவு முடிஞ்சு மிலிட்டரிக்குத் திரும்புறான், உங்க மலைக்குக் கீழ தான் அவன் கேம்ப்பாம், அவன் கையில இதக் குடுத்து அனுப்புறேன். மொதல்ல நீ ஒண்ணு பண்ணு. இந்தக் கடுதாசிய கீழ வச்சிட்டு, வெளிச்சத்துல நின்னு கண்ணாடியில உன் கண்ணப் பாரு. வெள்ள முழி மஞ்சளா இருக்குதா? ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல போவுதா? பாத்துட்டு வந்து மிச்சத்தப் படி.

உன் அண்ணன் ஷாஜின் படுத்துட்டான். போன மாசக் கடைசியில டேனரியிலருந்து வந்தவன் சோறு வேணாம்னு சுருண்டுக்கினான், காய்ச்சல், வாந்தி. ஈரத்தோல் தூக்குற வேல, அலுப்பா இருக்கும்னு உட்டுட்டேன். அப்புறம் பாத்தா கண்ணு ரெண்டும் மஞ்சளு அரைச்சுப் பூசுன மாதிரி ஆய்டுச்சு. உங்கம்மா கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தா, அடங்கல. தெருவே வந்து உக்காந்து, பாலாத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, அதான் காமாலைன்னு சொல்லிட்டுப் போச்சு. அதே தண்ணிய தானே நானும் உங்கம்மாவும் ஆக்னஸும் குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் இல்லியே. அதுக்குள்ள இவன் தோஸ்த்து ஞானசீலனும் அதே மஞ்சளா வந்து நிக்கிறான். ரெண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன்.

அங்க ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்து, இது ஈ டைப்பு காமாலை, ஜாஸ்தி தண்ணியில தான் வரும், ஆனா சரியா வேகாத பன்னிக்கறியில, அதுவும் ஈரல்ல, வருதுன்னு வெளிநாட்டுல இப்பக் கண்டுபிடிச்சிருக்காங்க, நீங்க ரெண்டு பேரும் சேந்து இன்னா தின்னீங்கன்னு கேட்டாங்க. இவனுங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறானுங்க.

நீ லீவுல வந்திருந்தப்ப, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் தெருவே காசு போட்டு ஒரு பன்னி அறுத்துப் பங்குக்கறி பிரிச்சோமே, அது தான். நெமிலி பக்கத்துலருந்து புடிச்சாந்த பன்னி அது. ஒரு வருசம் அப்படிப் புடிச்சாறப்ப காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில கயித்த அறுத்துக்கினு ஓடி, அத்தத் தொரத்தப் போன உபதேசியார் வேட்டியோட சேத்துல உழுந்து, ஆராதனைக்கு அப்படியே வந்தாரு... ஆக்னஸ் பேனாவ வச்சிட்டா. மாமா, உபதேசியார் வேட்டிய உட்டுட்டு விசயத்துக்கு வாங்கன்றா. சரி. பங்கு பிரிக்கிறப்ப ஈரல் மட்டும் பங்குல சேராது, அறுக்கிறவங்களுக்குத் தான், இந்தத் தடவ அறுத்தது இவனுங்க ரெண்டு பேரு. அங்கியே தணல்ல போட்டு, உப்பு மொளகாத்தூள் தடவி, மேல கருகி உள்ள செவப்பா இருக்கிறப்பவே தின்னுடுவானுங்க. நல்லா வெந்துட்டா சத்து பூடும்னு ஒரு பேச்சு. நாங்க தின்ன கறிய உங்கம்மா மசிய வேகவச்சா, அதனால நாங்க தப்பிச்சோம் போல.

அப்புறம் அந்த டாக்டரம்மா இன்னொண்ணு கேட்டாங்க. மாசமா இருக்கிறவங்க யாராவது அதத் தின்னாங்களா, அவங்களுக்கு வந்தா உசுருக்கே ஆபத்தாய்டும்னாங்க. ஷாஜின் படுக்கையில எழுந்து உக்காந்துட்டான்.

"நைனா, அக்சாவுக்கும் ஒரு துண்டு குடுத்தேன். ரத்தம் கம்மியா இருக்குன்னு சொன்னாளேன்னு பூவரச இலையில வச்சிக் குடுத்தேன்."

தின்னாளாடான்னா, சிரிச்சிக்கினே இலையோட பின்பக்கம் போனா, பாக்கலன்றான். அவன் அழுக நிக்கல. அவனுக்குக் காமாலை கொஞ்சம் கொஞ்சமா எறங்கிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, உங்கம்மா அவன் கூட இருக்கா. எனக்கு உன்ன நெனச்சா தான் பேஜாரா இருக்கு.

பக்கத்து வீட்டு ஹலீமா பீ போன்லருந்து நீ பாடம் நடத்துற ஸ்கூலுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், மலையில லைன் செத்துப் போச்சாம். அவங்க, சாமுவேல் அண்ணே, அந்த ஐட்டம் பேர மட்டும் என் போன்ல சொல்லிடாதன்னு கிண்டல் பண்ணாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, தொழுகையில அக்சா பேரச் சொல்லிக் கேக்கறேன்னு கண்ணத் தொடச்சிக்கினாங்க.

நீ சின்னதுல ஈரல்னாலே மூஞ்சிய சுளிப்பே, உங்கம்மா தட்டுல வச்சா கையில மறைச்சினு போய் நாய்க்குப் போட்டுடுவே. தின்ற பொருள வீணாக்குறியேன்னு எவ்ளோ திட்டியிருப்பேன். இப்ப தெனம் பின்பக்கம் போய் நாய் படுக்கிற எடத்துல அந்த இலை கெடக்குதான்னு தேடுறேன். காஞ்ச சருகு எது, நீ கொண்டு போன இலை எதுன்னு யாரு சொல்றது.

கண்ணு, மஞ்சள் இல்லன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. ஈரல் விசயத்த மறைக்காம சொல்லு, ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. நாட்டு மருந்து எதையும் தொடாத. தண்ணிய கொதிக்க வச்சு ஆத்திக் குடி. அங்க புகை போட்ட பன்னிக்கறி ஜாஸ்தின்னு எழுதியிருந்தியே, புள்ள பொறக்குற வரைக்கும் அந்தப் பக்கமே போவாத. கர்த்தர் உன்னையும் உன் வயித்துப் புள்ளையையும் அவரு கைக்குள்ள வச்சிக் காப்பாராக.

உன் நைனா
சாமுவேல்

கவர ஒட்டாத ஆக்னஸ், இன்னொண்ணு எழுது. மூர்த்தி வாசல்ல நின்னு கூப்புடுறான், காட்பாடி பஸ்ஸு வந்துடுச்சாம், இருடா மூர்த்தி. அக்சா, பதில்ல வேற ஒண்ணும் எழுத வேணாம், இது ஒண்ண மட்டும் சொல்லு, அந்தத் துண்ட நீ எப்பவும் போல நாய்க்குப் போட்டியா, இல்ல அண்ணன் ஆசையா குடுத்தானேன்னு