மேசை விளிம்பில் இருந்த பள்ளம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. எப்போதும் நான் சொல்ல அம்மாதான் எழுதுவாள், இந்த முறை கீழ்வீட்டுத் தையலக்கா எழுதுகிறாள். அம்மா இதோ பக்கத்தில்தான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நான் எதையாவது கூட்டிச் சொல்கிறேனா குறைத்துச் சொல்கிறேனா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, நல்லபடியாக முடிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி. போனில் ஏன் சொல்லவில்லை என்று என்மேல் பாயாதே. நீ போன் செய்யும்போதெல்லாம் உன் அம்மா ஒட்டி உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நீ புது வேலையில் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறாய், சேதி கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம். தொடை இன்னும் கன்றித்தான் இருக்கிறது, சாட்சி வேண்டுமானால் காட்டுகிறேன்.

இதெல்லாம் வெளியே வந்தது நம் சமையலறை மேசையால். போன முறை வீடியோவில் பேசும்போது நீ அதைப் பார்த்துவிட்டு, இன்னுமா இந்தப் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், தூக்கிப் போடுங்கள், புதுசு அனுப்புகிறேன் என்றாய் அல்லவா. அன்றைக்கு அம்மா குதித்த குதி உனக்கு நினைவிருக்கும், "என் மேசையில யாரும் கை வைக்கக் கூடாது" என்று. கஞ்சத்தனம் என்று நீயும் நினைத்தாய் நானும் நினைத்தேன். அதனால் அவள் உன் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தபோது, புதுசும் வாங்க வேண்டாம், பழசும் அசிங்கமாக இருக்க வேண்டாம், வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று நானே இறங்கிவிட்டேன். மேசையும் பீரோவும் சுமந்து மாடி மாடியாக ஏற்றியே என் காலம் போனது, ஆனால் ஒரு மேசையைக் குனிந்து உற்றுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. பார்த்தால் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த தழும்பு. அடுப்புப் பக்கம் விளிம்பில் இருந்த பள்ளம் என் கைங்கர்யம், லாரியிலிருந்து இறக்கி வாசலில் திருப்பும்போது கதவு நிலையில் இடித்தது, அன்று நல்ல மழை, நீ தொட்டிலில் கிடந்தாய், அம்மா குடை பிடிக்கிறேன் பேர்வழி என்று குடைக்கம்பியால் என் காதைக் குத்தினாள். நடுவில் வட்டமாகப் புடைத்திருந்தது, உன் முதல் வேலை கிடைத்த சேதி வந்த அன்று கொதிக்கிற பாத்திரத்தை அம்மா அப்படியே வைத்துவிட்டுப் போனுக்கு ஓடியதால் வந்தது. அந்த நீளக் கீறல், நான் சைக்கிள் சங்கிலியை மேசைமேல் போட்டு எண்ணெய் விட்டது. அதற்கு வாங்கிய வசவை வரிசை மாறாமல் இப்போதும் சொல்வேன், தையலக்கா எழுத மாட்டேன் என்கிறாள்.

தெருமுனைத் தச்சர் இருக்கிறாரே, எதைச் செய்து காட்டினாலும் அரை மில்லி இடிக்குது என்பாரே, அந்த அரைமில்லிக்காரரிடம் போய் உப்புத்தாள் கேட்டேன். "பெரியவரே, மைக்கா ஒட்டின மேசையில உப்புத்தாள் போட்டீங்கன்னா மேல இருக்கிற மரப்படம் போயிடும், கீழ வெறும் காகிதம்தான், அப்புறம் பழைய பேப்பர்காரன்தான் எடுத்துட்டுப் போகணும்" என்று விரட்டிவிட்டு, பள்ளம் அடைக்கிற நிறப்பசை இரண்டு டப்பாவும் கீறலுக்கு ஒரு மெழுகுக்குச்சியும் கொடுத்தார். பசையில் ஒன்று வெளிறியது ஒன்று கருத்தது, கலந்துதான் நிறம் பிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் துணியைப் பிழிந்து எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் எடுத்தேன். விளிம்பில் ஒட்டு விட்டுக் கிளம்பி நின்ற ஓரப்பட்டிமேல் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி அழுத்தினேன், உள்ளே இருந்த பழைய பசையே இளகிப் பிடித்துக்கொண்டது, இடுக்கில் நிறப்பசை பூசினேன். புடைத்த வட்டத்துக்கும் அதே வைத்தியம் செய்து, ஆறும்வரை அரிசி டப்பாவைத் தூக்கி மேலே வைத்தேன். கீறலில் மெழுகைத் தேய்த்து இறக்கினேன். பள்ளத்துக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது, கொஞ்சம் பசை இட்டு, காயவிட்டு, மறுபடி இட்டு, பிளாஸ்டிக் அட்டையால் வழித்து. முடித்துவிட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், பள்ளம் எங்கே இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. தரையில் கால் பாவாமல் நடந்தேன் என்று வைத்துக்கொள்.

அம்மா வந்தாள். நான் மேசை பக்கத்திலேயே மாப்பிள்ளைத் தோரணையில் நின்றேன். அவள், "நடுவுல எதுக்கு மரம் மாதிரி நிக்கிறீங்க, நகருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவரில் ஒரு விரல் அழுக்கு இருந்தாலும் கண்டுபிடித்துத் திட்டுகிறவள் இவ்வளவு வேலையைப் பார்க்காத மாதிரி இருக்கிறாளே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பால் பொங்கியது, இறக்கினாள், பாத்திரத்தை மேசைமேல் வைக்கவில்லை, மேசைக்கு வெளியே வைத்தாள். பால் மொத்தமும் தரையில். நல்லவேளை காலில் படவில்லை. கண்ணு எங்கே போச்சு என்று கத்திவிட்டேன், பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். விளிம்பிலே விரல்கள் எறும்பு போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்புறம், "என் பள்ளத்த எங்கங்க கொண்டுபோய் வச்சீங்க?" என்றாள்.

அவளுக்குக் கண்ணே தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது பாப்பா. பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தால் அடுப்பு ஒரு சாண், கீறலைப் பிடித்துக்கொண்டு போனால் உப்பு டப்பா, புடைத்த வட்டத்தில் சூடான பாத்திரம், இப்படித்தான் அவள் பல மாதங்களாகச் சமைத்துப் போட்டிருக்கிறாள், நான் ருசி குறை சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று பயமாம், நீ வேலையை விட்டுவிடுவாய் என்றும் பயமாம். அழுதுகொண்டே அதற்குள்ளும் ஒரு குத்தல், "எல்லாம் புகை போட்ட மாதிரி இருந்ததுல உங்க சுருக்கமெல்லாம் தெரியல, வாலிபமா இருந்தீங்க, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." அன்றைக்கே ஒரு ஆணியை எடுத்து, அத்தனை பாடுபட்டு அடைத்த பசையைக் கெல்லி எறிந்து பள்ளத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அரைமில்லிக்காரர் பார்த்துவிட்டு, வேலையைச் செய்து வேலையைக் கெடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார், விஷயத்தைச் சொன்னதும் கண்ணாஸ்பத்திரிக்கு அவரே வண்டியை எடுத்தார். உள்ளே போகும்வரை அம்மா என் சட்டையை விடவில்லை, நர்சு வந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் மேசையைப் பார்த்தாள், குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் நிமிர்ந்து நின்றே பார்த்தாள், பிறகு ஆரம்பித்தாள். "இது என்ன கீறலா, கிழிஞ்ச சட்டையில போட்ட ஒட்டா? இந்த ஓரத்துல என்ன மஞ்சளா அப்பி வச்சிருக்கீங்க? குருடி பாக்க மாட்டாள்னு நினைச்சீங்களா?" அவள் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது. கட்டிய நாளிலிருந்து இவ்வளவு இனிப்பாக அவள் பேசியதே இல்லை. நான் ட்யூப் லைட்டில் நிறம் கலந்திருக்கிறேன், பகல் வெளிச்சத்தில் அது வேறு நிறமாம், அரைமில்லிக்காரரும் அதையே சொன்னார்.

ஆனால் ஒரு கண் தெரிந்ததும் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, இடது கண்ணுக்கு வரமாட்டேன், எனக்கு ஒன்று போதும் என்று பிடிவாதம். டாக்டர் சொல்லியாயிற்று, தையலக்கா சொல்லியாயிற்று, அசையவில்லை. ஒரு நாள் நிறத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை. நிறம் சரிதான் என்கிறேன், இல்லை என்கிறாள். திடீரென்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், பிறகு இடது கண்ணை, பிறகு மறுபடியும். "இதென்ன கூத்து, இந்தக் கண்ணுக்கு ஒரே நிறமா இருக்கு, இந்தக் கண்ணுக்குத்தான் அசிங்கமா இருக்கு" என்றாள். நான் விடுவேனா, அந்த இடது கண் அப்படியே இருக்கட்டும், அது இருக்கிறவரை மேசை விஷயத்தில் நான்தான் ஜெயித்தேன் என்றேன். பிறகு மாடிப்படியில் நின்று கீழே தையலக்காவைக் கூப்பிட்டு, "மறு கண்ணுக்கு என்னைக்கு வரச் சொன்னாங்க, பாத்துச் சொல்லு. இந்த மனுஷன ஜெயிக்க விட்டுட்டு என்னால தூங்க முடியாது" என்றாள்.

ஆகவே வருகிற வாரம் இடது கண். நீ ஓடி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது நிதானமாக வா, அப்போது இரண்டு கண்ணாலும் உன்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொல்ல அவள் காத்திருக்கிறாள். கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டு உட்காராதே, உன் கண்ணையும் ஒரு நடை காட்டிக்கொள், மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. மாப்பிள்ளையைக் குளிர்காலத்தில் காதை மூடிக்கொள்ளச் சொல். பள்ளத்தை இப்போதைக்குத் திறந்தே வைத்திருக்கிறேன், மறு கண் தெளிந்த பிறகு அவள் கையாலேயே அடைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் நிறைவாக இருக்க வேண்டும். ஞாபகம் இருக்கட்டும், புது மேசை அனுப்பாதே. கையெழுத்து இடத்தில் வழக்கம்போல என் கட்டைவிரல்தான், ஆனால் இந்த முறை மை இல்லை, இன்று காலை அம்மா ஜன்னலோரம் நின்று கலந்து கொடுத்த நிறப்பசை. நம் மேசையின் நிறம் இதுதானா என்று நீயே பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

(எழுதக்கூடாது என்று சொல்லியும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அம்மா எழுதுகிறார் — தையலக்கா)

கண்ணு, அப்பா விரல்ல இருக்கிற நிறம் இன்னும் கொஞ்சம் வெளுக்கணும். மத்த கண்ணும் ஆகட்டும், சரியாச் சொல்றேன். அம்மா.